பென்சில்வேனியாவில் முதல் வான்கோழி வேட்டை: போகலாமா?

உடன் வேலை செய்பவர் மே மாதம் காட்டு வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறார், எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருக்கிறேன், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. அதனால் முதலில் பயிற்சி வகுப்பு, அப்புறம் உரிமம், அதற்குப் பிறகே துப்பாக்கி. நண்பருடையதுதானே என்று சும்மா வாங்கிப் பார்ப்பதும் வேண்டாம்.

சேவல், அதாவது ஆண் வான்கோழியின் குரல் கேட்டால் அதை நோக்கிப் பதுங்கிப் போகலாமா என்றால், கூடவே கூடாது. பெட்டையைப் போலக் குரல் கொடுத்து வரவழைப்பதுதான் அங்கே விதி. நீங்கள் கேட்டது இன்னொரு வேட்டைக்காரர் எழுப்பிய குரலாகவும் இருக்கலாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்குமே வேண்டாம், கைக்குட்டைகூட. சேவலின் தலை அந்த நிறங்கள்தான். யாராவது நெருங்கினால் கையாட்டாமல் சத்தமாகப் பேசுங்கள்.

நெஞ்சிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் தாடி தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே சுடலாம். சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு, அவற்றைச் சுடுவதைச் சட்டம் தடுக்காது. ஆனால் மே மாதம் அடைகாக்கும் காலம், தயவுசெய்து விட்டுவிடுங்கள். 40 கெஜத்துக்குள் வரும்வரை பொறுங்கள். பறவை விழுந்ததும், அதை நகர்த்தும் முன்பே உரிமத்தோடு தரும் வேட்டைச் சீட்டை நிரப்பி அதன் மேல் கட்டுங்கள். 10 நாளுக்குள் மாநில வேட்டை ஆணையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.