கோல்ஃப் பந்தை அடிக்க நிற்கும்போது முழங்கைகள் எப்படி இருக்க வேண்டும்? இடக்கையை விறைப்பாக நீட்டத்தான் வேண்டுமா?

நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்று கொண்டு எழுதுகிறேன்; இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். இடக்கை நீண்டிருக்க வேண்டும், ஆனால் விறைத்திருக்கக் கூடாது. வலது முழங்கை சற்றே மடிந்து, வலப்பக்க இடுப்பெலும்பை நோக்கியிருக்க வேண்டும். இவ்விரண்டில் எனக்குப் பல மாதங்கள் தொல்லை கொடுத்தது வலது முழங்கைதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளப்பை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, பிடிக்கும்போது வலக்கை இடக்கைக்குக் கீழே அமர்கிறது. ஆகவே இடக்கையைவிட அதுதான் அதிக தூரம் எட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தை வலக்கையை நேராக நீட்டி ஈடுகட்ட முயன்றால் வலது தோள் முன்னால் இழுபடுகிறது; பாதங்கள் இலக்குக் கோட்டுக்கு (பந்திலிருந்து இலக்கை நோக்கிச் செல்லும் கற்பனைக் கோட்டுக்கு) இணையாக இருந்தாலும் தோள்கள் இலக்கின் இடப்புறம் திரும்பிவிடுகின்றன. தோள்கள் காட்டும் திசையில்தான் பெரும்பாலும் கிளப்பும் வீசப்படுகிறது என்பதால், அது வெளியிலிருந்து உள்நோக்கிப் பந்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பாதையோடு ஒப்பிடும்போது கிளப்பின் முகம் திறந்திருந்தால், அதாவது வலப்புறம் திரும்பியிருந்தால், பந்து வலப்புறம் வளைந்து ஓடுகிறது. நாம் ஸ்லைஸ் என்று சொல்வது இதைத்தான். நான் இதற்கு மருந்தாகப் பிடியை மாற்றினேன், பந்தை வைக்கும் இடத்தை மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. ஒரு நாள் பயிற்சியாளர் எனக்குப் பின்னால், இலக்குக் கோட்டின் நீட்சியில் நின்று ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தில் என் வலது முன்கை மட்டுமே தெரிந்தது. இடது முன்கை அதன் மறைவில் இருந்தது. ஸ்விங் (கிளப்பை வீசுவது) தொடங்குவதற்கு முன்பே ஸ்லைஸுக்கான ஏற்பாடு முடிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் சொன்ன திருத்தம் எளிது. முதலில் இடக்கையால் மட்டும் கிளப்பைப் பிடித்து அதன் தலையைப் பந்தின் பின்னால் வைக்க வேண்டும். பிறகு வலக்கையை மேலிருந்து கொண்டுவராமல், பக்கவாட்டில் சற்றுக் கீழிருந்து கொண்டுவந்து பிடியில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் முதுகு இலக்கிலிருந்து விலகி வலப்புறமாகச் சிறிது சாய்கிறது, வலது தோள் தாழ்கிறது, முழங்கையும் தானாகவே மடிந்து விலாவின் முன்பாக வந்து நிற்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இப்போது இடது முன்கை வலது முன்கைக்கு மேலே கொஞ்சம் தெரியும். அதுவே சரியான அடையாளம்.

முழங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது, அது உடலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957ஆம் ஆண்டிலேயே இதை விரிவாக எழுதினார்: இடது முழங்கை இடது இடுப்பெலும்பையும் வலது முழங்கை வலது இடுப்பெலும்பையும் நோக்க வேண்டும், இரு முழங்கைகளின் உட்குழிகளும் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய போதனை. வலக்கையைப் பொறுத்தவரை இதை அப்படியே ஏற்கிறேன். இடக்கையின் உட்குழியை முழுவதும் மேல்நோக்கித் திருப்பினால் என் தோள் இறுகிவிடுகிறது. எனவே அதைப் பாதியளவு மட்டுமே திருப்புகிறேன். உள்ளங்கைகளைப் பிடியிலிருந்து நகர்த்தாமல் மேற்கையை மட்டும் சுழற்றிப் பாருங்கள், நான் சொல்வது உடனே புரியும்.

இனி விறைப்பு. “இடக்கையை நேராக வை” என்ற அறிவுரையைப் பலரும் மூட்டைப் பூட்டிவிட வேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். பூட்டிய மூட்டிலிருந்து இறுக்கம் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறுகிறது, மார்பு சுழலும் அளவு குறைகிறது, மணிக்கட்டும் இலகுவாக மடிவதில்லை. முழு நேர்க்கோடு கட்டாயமில்லை என்பதற்கு எட் ஃபர்கோலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சிறுவயது விபத்தில் இடது முழங்கை நிரந்தரமாக வளைந்துபோன அவர், 1954இல் பால்டஸ்ரோலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்றார். கால்வின் பீட்டும் சிறுவனாக இருந்தபோது மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்தவர்; அந்தக் கையை அவரால் முழுவதும் நீட்ட முடியாது. ஆயினும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் டிரைவ்களை, அதாவது தொடக்கத்தில் அடிக்கும் நீண்ட அடிகளை, துல்லியமாக அடிப்பதில் 1981 முதல் 1990 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் அவரே முதலிடத்தில் இருந்தார். கையை வேண்டுமென்றே வளைக்கச் சொல்லவில்லை. உங்கள் கை இயல்பாகத் தொங்கும்போது எவ்வளவு நீளுமோ, அவ்வளவு நீண்டால் போதும் என்கிறேன்.

அந்த இயல்பான நீளத்தைக் கண்டுபிடிக்க, கிளப் இல்லாமல் இடுப்பிலிருந்து முன்குனிந்து இரு கைகளையும் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உள்ளங்கைகள் சேரும் இடத்தில்தான் பிடி இருக்க வேண்டும். குட்டை அயர்ன்களுக்கு (குறைந்த தூரத்துக்கான உலோகத்தலைக் கிளப்களுக்கு) பிடியின் நுனிக்கும் தொடைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலமும், மிக நீளமான கிளப்பான டிரைவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இடைவெளி விடுகிறேன். மேற்கைகள் மார்பின் ஓரத்தில் லேசாகப் படிந்திருந்தால் போதும். விலாவோடு அழுத்தினால், கிளப்பைப் பின்னால் தூக்கும் பின்வீச்சு குறுகிவிடும்.

வீட்டில் சோதிக்க, பந்தை அடிக்கும் நிலையில் நின்றுகொண்டு, இன்னொருவரிடம் சொல்லி உங்கள் இரு முன்கைகளின் மீதும் ஒரு கிளப்பைக் குறுக்காக வைக்கச் செய்யுங்கள். அது இலக்குக் கோட்டுக்கு இணையாகக் கிடந்தால் முழங்கைகள் சரி. அதன் முன்நுனி இலக்கின் இடப்புறம் திரும்பியிருந்தால், வலது முழங்கையைத் தளர்த்தி மறுபடி நில்லுங்கள்.