புது சீசன் தொடங்கும் முன் தாக்குதல் அணியை எடைபோடுவது எப்படி? முதலில் அந்த ஐந்து பேரைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு போகிறேன். போன வருஷம் நண்பர்களோடு ஸ்டேடியத்துக்குப் போய்ப் போய்க் கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால், நம்மூர் கால்பந்து இல்லை) பிடித்துப்போய்விட்டது. எங்கள் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 38 புள்ளிகள் எடுத்தது. இப்போது குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போய்விட்டார், வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நட்சத்திர ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) அப்படியே இருக்கிறார். இந்த வருஷமும் அடித்து நொறுக்குவோம் என்கிறார் அறை நண்பர். ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில் எதை வைத்து இதைக் கணிப்பது? மாணவர் சீசன் டிக்கெட் வாங்கலாமா?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் எல்லா ஊரிலும் எல்லா அணியும் நல்ல அணிதான், அதனால்தான் இந்தக் கணிப்பு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் முடியாத காரியம் இல்லை. இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன். எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: பெயர் தெரிந்த ஆட்களைக் கடைசியில் பாருங்கள், பெயர் தெரியாத ஐந்து பேரை முதலில் பாருங்கள். அதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் அந்த 38-ஐ ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 12 ஆட்டம், சராசரி 38 என்றால் மொத்தம் 456 புள்ளி. செப்டம்பரில் பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளைக் காசு கொடுத்து வரவழைத்து ஆடுவது வழக்கம். அப்படி மூன்று ஆட்டத்தில் 60, 56, 61 என்று எடுத்திருந்தால் அதிலேயே 177 போய்விடுகிறது. மீதி ஒன்பது ஆட்டத்துக்கு 279, அதாவது சராசரி 31. உங்கள் அணியின் உண்மையான முகம் அந்த 31தான். இது இல்லாமல், தடுப்பு அணி (பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடுபவர்கள்) பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி எடுத்த டச்டவுனும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), எதிரணியின் 20 யார்டு கோட்டருகே பந்தைப் பிடுங்கிக் கையில் கொடுத்ததால் கிடைத்த டச்டவுனும் அந்தச் சராசரிக்குள்ளேயே இருக்கும். அதற்கெல்லாம் தாக்குதல் அணிக்கு (பந்து நம் கையில் இருக்கும்போது ஆடுபவர்கள்) பாராட்டு போய்ச் சேருவது நியாயமில்லை. எனவே புள்ளியை விட்டுவிட்டு, ஒரு பிளேக்கு (ஒவ்வொரு தனி முயற்சிக்கும்) எத்தனை யார்டு என்ற எண்ணைப் பாருங்கள், அதுவும் உங்கள் கான்ஃபரன்ஸ் (உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் லீக்) அணிகளுக்கு எதிராக மட்டும். 6-க்கு மேல் இருந்தால் நல்ல அணி. 7-ஐத் தொட்டால் அபூர்வம்.

இன்னொரு விஷயம், புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைப் பிடித்து விழுத்தினால் (சாக் என்கிறார்களே, அது), அதில் இழந்த யார்டை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். என்எஃப்எல்லில் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். அதனால் ஒரு கல்லூரி அணியின் ஓட்ட யார்டு குறைவாக இருந்தால், ஓடத் தெரியவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். குவாட்டர்பேக் நிறைய முறை அடிபட்டிருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய்.

சரி, அந்த ஐந்து பேர். ஒஃபென்சிவ் லைன், அதாவது குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை. சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள். தேர்த் திருவிழாவில் எல்லோர் கண்ணும் மேலே சாமியிடம்தான் இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவரை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அவர் கை தவறினால் தேர் வீட்டுத் திண்ணைக்குள் போய்விடும். இந்த ஐந்து பேரின் வேலையும் அப்படித்தான்.

மிச்சிகன் 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 2023-இல் 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை), ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்று தேசிய சாம்பியன். ஆட்டத்துக்குச் சராசரி 36 புள்ளியை ஒட்டி, ஏறக்குறைய உங்கள் அணி மாதிரிதான். அப்புறம் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா என்எஃப்எல்லின் சார்ஜர்ஸ் அணிக்குப் போனார், குவாட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பத்தாவது ஆளாகப் போனார், 27 தடவை ஓடி டச்டவுன் எடுத்த பிளேக் கோரமும் போனார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் சீசனுக்கு முந்தைய ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசையில் மிச்சிகனுக்கு 9-ஆவது இடம் கிடைத்தது. காரணம், பெயர் தெரிந்தவர்கள் சிலர் மிச்சம் இருந்தார்கள். ரன்னிங் பேக் டோனவன் எட்வர்ட்ஸ் இருந்தார், அந்தக் கோடையில் வந்த ஈஏ ஸ்போர்ட்ஸ் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேமின் அட்டையிலேயே அவர் படம். டைட் எண்ட் (தடுக்கவும் செய்வார், பந்தைப் பிடிக்கவும் செய்வார்) கோல்ஸ்டன் லவ்லண்ட் இருந்தார், அடுத்த வருஷமே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர், நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர்.

ஆனால் ஹூஸ்டன் இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய முன்வரிசை ஐவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒருவர்கூட. அதோடு, 2023-இல் தாக்குதல் அணிக்கும் முன்வரிசைக்கும் பயிற்சி கொடுத்த ஷெரோன் மூர் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டதால் பிளே சொல்லும் (அடுத்த முயற்சியில் என்ன செய்வது என்று முடிவு செய்யும்) வேலை வேறொருவர் கைக்குப் போனது. யார் குவாட்டர்பேக் என்பதை முதல் ஆட்டம் வரை அறிவிக்கவே இல்லை. விளைவு? சீசனில் மூன்று குவாட்டர்பேக்குகள் மாறி மாறி ஆடினார்கள், சராசரி 36-இலிருந்து 22 ஆனது, இரண்டாவது வாரமே சொந்த மைதானத்தில் டெக்ஸஸிடம் 31-12 என்று தோற்றார்கள். யுஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராக எறிந்து எடுத்தது மொத்தமே 32 யார்டு. அதையும் எப்படியோ 27-24 என்று வென்றார்கள், தடுப்பு அணியும் ரன்னிங் பேக் காலெல் மல்லிங்ஸின் ஓட்டமும் காப்பாற்றின. கடைசியில் 8-5. ஆகஸ்டில் அந்த ஐந்து பேர் பட்டியலைப் பார்த்திருந்தால் இந்தச் சரிவின் பாதியாவது தெரிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

எனவே நீங்கள் செய்யவேண்டியது: அணியின் இணையதளத்தில் பெயர்ப் பட்டியலைத் திறந்து, முன்வரிசையில் யார் யார் எத்தனை ஆட்டம் தொடங்கியிருக்கிறார்கள் (ஆரம்பத்திலேயே களத்தில் இறங்கியிருக்கிறார்கள்) என்று எழுதிக் கூட்டுங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 80, 100 என்று வந்தால் நிம்மதி. 30-ஐத் தாண்டவில்லை என்றால் ரன்னிங் பேக் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் அக்டோபர் வரை பொறுமை வேண்டும். அதிலும் சென்டரும் இடது டேக்கிளும் புதியவர்கள் என்றால் இன்னும் கவனம். சென்டர்தான் பந்தைக் கொடுப்பதற்கு முன் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து மற்ற நால்வருக்கும் யாரைத் தடுப்பது என்று குரல் கொடுப்பவர். இடது டேக்கிள், வலது கை குவாட்டர்பேக்கின் பார்வை படாத முதுகுப் பக்கத்தைக் காப்பவர்.

இந்தக் கணக்கு மட்டுமே போதுமா என்றால், போதாது. அதே 2024-இல் மிச்சிகனுக்கு அடுத்து 10-ஆவது இடத்தில் இருந்தது ஃப்ளோரிடா ஸ்டேட். அவர்களின் முன்வரிசையில் பல வருஷ அனுபவசாலிகள் நிறையப் பேர் திரும்பியிருந்தார்கள், எண்ணிக்கையில் குறையே சொல்லமுடியாது. முந்தைய வருஷம் 13-1 என்று முடித்த அணி, டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என்று தோற்று, கடைசியில் 2-10 என்று நின்றது. பல ஆட்டம் ஆடியவர் என்பதும் நன்றாக ஆடியவர் என்பதும் ஒன்றில்லை. ஆகவே தொடங்கிய ஆட்டங்களைக் கூட்டிய கையோடு, அதே ஆட்கள் போன வருஷம் எத்தனை சாக் விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். கொலராடோ 2023-இல் முதல் ஆட்டத்தில் டிசியு (டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியை 45-42 என்று வென்றபோது குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 510 யார்டு எறிந்தார், நாடே பேசியது. அந்த சீசன் முடியும்போது 52 தடவை சாக் ஆகியிருந்தார், அணி 4-8. அப்படிப்பட்ட கைகூட முன்வரிசை இல்லாமல் எதுவும் செய்யமுடியவில்லை.

இப்போது உங்கள் புதிய குவாட்டர்பேக். இதில் எனக்குப் பிடித்த ஒப்பீடு ஒன்று உண்டு. ஜோ பர்ரோ, ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வந்து 2018-இல் எறிந்ததில் 57.8 சதவீதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, 16 டச்டவுன். டி.ஜே. உயகலலெய் 2023-இல் ஓரிகன் ஸ்டேட்டில் ஆடியபோதும் 57 சதவீதத்தைச் சுற்றித்தான், 21 டச்டவுன். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் மேல். அடுத்த வருஷம் பர்ரோ 76.3 சதவீதம், 60 டச்டவுன், 15-0, தேசிய சாம்பியன். உயகலலெய்தான் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் அந்த 2-10 சீசனைத் தொடங்கிய குவாட்டர்பேக்.

வித்தியாசம் எங்கே? பர்ரோவுக்கு 2018 முதன்முதலாகத் தொடங்கிய வருஷம், அதுவும் மே மாதத்தில்தான் வந்து சேர்ந்தார், வசந்தகாலப் பயிற்சியே கிடைக்கவில்லை. 2019-இல் அதே இடத்தில் இரண்டாவது வருஷம் இருந்தார், கூட ஆடப்போகிறவர்களும் அதே ஆட்கள்: பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ், முன்வரிசையில் முந்தைய ஐவரில் நால்வர். 2018 சீசனின் கடைசியில் யுசிஎஃப் (மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) அணிக்கு எதிரான ஃபியஸ்டா போல் ஆட்டத்தில் 394 யார்டு எறிந்து, நான்கு டச்டவுன் கொடுத்து, என்ன வரப்போகிறது என்று கோடி காட்டிவிட்டார். உயகலலெய்யோ கிளெம்சனில் இரண்டு வருஷம், ஓரிகன் ஸ்டேட்டில் ஒரு வருஷம் என்று ஏற்கெனவே மூன்று சீசன் தொடங்கியவர், மூன்றிலும் சரியாகப் போய்ச் சேர்ந்தது 62 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. மூன்றாவது கல்லூரி, மூன்றாவது பிளேபுக் (ஆட்டத் திட்டத் தொகுப்பு). மூன்று வருஷம் காட்டியதைத்தான் நான்காவது வருஷமும் காட்டுவார் என்று எதிர்பார்ப்பதே நியாயமான கணிப்பு. ஆகவே உங்கள் ஆள் எத்தனை சீசன் தொடங்கியிருக்கிறார், ஒவ்வொரு வருஷமும் ஏறியிருக்கிறாரா, ஜனவரியில் வந்து வசந்தகாலப் பயிற்சி முழுக்க இருந்தாரா, மே மாதத்தில் வந்தாரா என்று கேளுங்கள். போன வருஷ டச்டவுன் எண்ணிக்கை அதற்கு அப்புறம்தான்.

பிளே யார் சொல்கிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். எல்எஸ்யூ 2019-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடியைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஒஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் அணிக்குப் பொறுப்பான பயிற்சியாளர்) ஸ்டீவ் என்ஸ்மிங்கர்தான், ஆனால் எறிதல் ஆட்டத்தின் வடிவமே பிரேடி வந்த பிறகு மாறியது. சராசரி 32-இலிருந்து 48-க்கு ஏறியது. உங்கள் அணியில் கோஆர்டினேட்டர் மாறியிருந்தால், அவர் முன்பு இருந்த இடத்தில் அவர் வருவதற்கு முந்தைய வருஷமும் வந்த வருஷமும் ஒரு பிளேக்கு யார்டு எப்படி மாறியது என்று பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

வசந்தகால ஆட்டத்தையும், பயிற்சி முகாமிலிருந்து வரும் செய்தியையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே குவாட்டர்பேக்கைத் தொடக்கூடாது, தடுப்பு அணி வித்தை எதையும் காட்டாது, பயிற்சியாளர் எல்லோரையும் புகழ்வார். ஒரே ஒரு செய்தி மட்டும் முக்கியம்: முன்வரிசையில் யாருக்காவது காயமா.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் மூன்று பேருக்கு மேல் திரும்பியிருந்து, போன வருஷம் சாக் குறைவாக இருந்து, பிளே சொல்பவரும் மாறவில்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள், புதிய குவாட்டர்பேக் சுமாராக இருந்தாலே போதும். ஐவரும் புதியவர்கள் என்றால் சீசன் டிக்கெட் வேண்டாம், பிடித்த இரண்டு மூன்று ஆட்டத்துக்குத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் எங்கோ இருக்கிறது என்றால், உங்கள் பல்கலைக்கழகம் எதுவரை விற்கும் என்று விசாரித்து, முடிந்தால் முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அன்றைக்கு முதல் மூன்று முறை பந்து உங்கள் அணியிடம் வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், கண் தானாக அங்கேதான் போகும். இரண்டு கார்டுகளுக்கு நடுவில் மட்டும் பாருங்கள். பந்து கைமாறிய நொடியில் அவர்கள் முன்னே போகிறார்களா, பின்னே தள்ளப்படுகிறார்களா? சின்னக் கல்லூரி ஆட்களே அவர்களைப் பின்னே தள்ளினால், ஸ்கோர் 50 ஆனாலும் டிக்கெட் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.