பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஜாக்கெட்டை வாங்கலாமா?

கேள்வி: புரோக்கர் செயலி வழியாக ஓர் அமெரிக்க நிறுவனத்தின் 40 பங்குகளை வாங்கி வைத்திருக்கிறேன். அவர்களுடைய இணையக் கடையில் சின்னம் பொறித்த ஜாக்கெட் 120 டாலர். தீபாவளிக்கு மகனுக்கு வாங்கலாம் என்று எண்ணம். பங்குதாரருக்குத் தள்ளுபடி உண்டா? "நாம் வாங்கினால் நம்ம பங்குக்குத்தானே நல்லது" என்கிறார் என் கணவர்.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கணவரின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நிறுவனத்துக்கு மொத்தம் 100 கோடி பங்குகள், ஜாக்கெட்டுக்கு 40 டாலர் லாபம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 40 பங்குகளின் பேரில் ஒரே ஒரு காசு (சென்ட்) சேர 6,250 ஜாக்கெட்டுகள் விற்றாக வேண்டும்! அதிலும் பல நிறுவனங்கள் இந்தக் கடையைத் தாமே நடத்துவதில்லை. உரிமம் பெற்ற வெளியார் தைத்து விற்றுவிட்டு, சின்னத்துக்கு ராயல்டி மட்டும் கட்டுவார்கள். மகனுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், பங்குக்காக வேண்டாம்.

தள்ளுபடி தரும் நிறுவனங்கள் குறைவு. பெயர் போனது அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவே. ஒமாஹாவில் நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, சீஸ் கேண்டீஸ் இனிப்பு, புரூக்ஸ் ஓட்டக் காலணி போன்ற தன் நிறுவனங்களின் பொருள்களைப் பங்குதாரர்களுக்குத் தள்ளுபடியில் விற்கிறது. ஆனால் அதற்கு நேரில் போக வேண்டும். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செயலியில் வாங்கிய பங்குகள் பெரும்பாலும், அவற்றை உங்களுக்காகப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியன் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. சலுகை உண்டா என்று நிறுவனத்தின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். உண்டு என்றால், பெயர், பங்கு எண்ணிக்கை, தேதி தெரியும் புரோக்கர் அறிக்கையை அனுப்பினால் பல இடங்களில் போதும். கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இனி செலவு. ஜாக்கெட் 120, அனுப்பும் கட்டணம் 35 என்றால் 155 டாலர். சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த வெளிநாட்டுக் கடை, 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான பொருளுக்கும் 2023 முதல் வரி வசூலிக்கிறது. 2024 முதல் அது 9%. அதைச் சேர்த்தால் ஏறக்குறைய 169 டாலர். டாலருக்கு 1.30 வெள்ளி என்று போட்டால் 220 வெள்ளி. வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் சுமார் 3% என்றால் 226 தாண்டும். பணம் கட்டும்போது "வெள்ளியிலா, டாலரிலா" என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். வெள்ளியில் மாற்றும் விகிதம் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

உறவுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் நான்கைந்து வாங்கினால் மொத்தம் 400 வெள்ளியைத் தாண்டிவிடும். கடை ஏற்கெனவே வரி வாங்கியதைப் பார்சல் ஆவணத்தில் குறிக்காவிட்டால், இறக்குமதியின்போது மறுபடியும் வரி கேட்பார்கள். இரண்டு தடவை கட்டியிருந்தால் ரசீதுகளோடு கடையிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

கட்டணம் திடீரென ஏறுவதற்குப் பெட்டியின் அளவும் காரணம். கூரியர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்துப் பரும எடை போடுவார்கள். 40×30×15 பெட்டியில் வரும் ஜாக்கெட்டின் உண்மையான எடை 900 கிராம் என்றாலும் 3.6 கிலோவுக்குக் கட்டணம் விழும். முடிந்தால் பெட்டிக்குப் பதில் பையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அளவில் கவனம். அமெரிக்க மீடியம் இங்கே பலருக்குத் தொளதொளவென்று இருக்கும். மகனின் பொருத்தமான சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து, கடையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாற்றித் தர ஒப்புக்கொண்டாலும் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

கடையின் முகவரியை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். 'பங்குதாரருக்கு மட்டும் 70% தள்ளுபடி' என்று சமூக ஊடகத்தில் வரும் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே அட்டை விவரம் கொடுத்துவிட்டிருந்தால், முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள்.