இரண்டு இஞ்ச் பைப் என்ன எடை வரும்? வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: குளச்சல் பக்கம் வலையும் இன்ஜினும் வைக்க ஒரு ஷெட் போடுகிறேன். 2 இஞ்ச் இரும்பு பைப், 6 மீட்டர் நீளத்தில் 20 எண்ணம் வேண்டும். ஒரு கடையில் பி கிளாஸ், கிலோ 80 ரூபாய் என்கிறார்கள். இன்னொரு கடையில் பைப் ஒன்றுக்கு 2,200 ரூபாய். எது லாபம்? எடையை நானே கணக்கிட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தடிமனை அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றும் போன் கால்குலேட்டரும் இருந்தால் போதும். இரண்டு கடை விலையையும் கிலோவுக்கு மாற்றாமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் அளவு. 2 இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 2 இஞ்ச் இல்லை, 60.3 மில்லிமீட்டர். கடையில் சொல்லும் 2 இஞ்ச், உள்துளையை ஒட்டி வைத்த பெயரளவுதான். சந்தேகம் இருந்தால் பைப்பைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். 189 மில்லிமீட்டர் வர வேண்டும். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும்.

இனி எடை. வெளி விட்டத்திலிருந்து கனத்தை, அதாவது பைப் சுவரின் தடிமனை, மில்லிமீட்டரில் கழியுங்கள். வந்த எண்ணைக் கனத்தால் பெருக்கி, மறுபடி 0.02466-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அந்த 0.02466 எங்கிருந்து வந்தது? பைப்பை நீளவாக்கில் அறுத்து விரித்தால் ஒரு தகடு கிடைக்கும். அதன் அகலம், விட்டத்தில் கனத்தைக் கழித்து 3.1416-ஆல் பெருக்கியது. இரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 3.1416-ஐயும் 7.85-ஐயும் பெருக்கி அலகைச் சரிசெய்தால் அந்த எண் வந்துவிடும்.

உங்கள் பைப்புக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்தில் 2 இஞ்ச் பைப் மூன்று கனத்தில் வருகிறது: ஏ கிளாஸ் 2.9, பி கிளாஸ் 3.6, சி கிளாஸ் 4.5 மில்லிமீட்டர். பி கிளாஸுக்கு, 60.3-இல் 3.6 போக 56.7. அதை 3.6-ஆலும் 0.02466-ஆலும் பெருக்கினால் மீட்டருக்கு 5.03 கிலோ. 6 மீட்டருக்கு 30.2 கிலோ, 20 பைப்புக்கு 604 கிலோ. இதே கணக்கில் ஏ கிளாஸ் ஒரு பைப் 24.6 கிலோதான் வரும்.

இப்போது விலையைப் பாருங்கள். முதல் கடையில் ஒரு பைப் சுமார் 2,416 ரூபாய். இரண்டாவது கடை 216 ரூபாய் குறைவு. அது உண்மையான பி கிளாஸ் என்றால் கிலோ 73 ரூபாய்க்குக் கீழே வருகிறது, யோசிக்காமல் வாங்கலாம். ஏ கிளாஸ் என்றால் கிலோ 89 ரூபாயைத் தாண்டிவிடும். எண்ணக் கணக்கில் விலை சொன்னால் கனம் கண்ணில் படாது. நான் கிலோ கணக்கை வற்புறுத்துவது இதனால்தான்.

பைப்பில் வண்ணப் பட்டை இருக்கும். மஞ்சள் ஏ, நீலம் பி, சிவப்பு சி. பட்டையைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். கடைத் தராசில் மூன்று பைப்பைத் தனித்தனியாக ஏற்றச் சொல்லுங்கள். பி கிளாஸில் தனிப் பைப்புக்கு 10 சதவீதம் வரை எடை கூடவோ குறையவோ தரமே இடம் தருகிறது. ஆகவே 28, 29 கிலோ வந்தால் சண்டை போட வேண்டியதில்லை. 27-க்குக் கீழே போனால் அது பி கிளாஸ் இல்லை. வெர்னியர் வைக்கும்போது அறுத்த முனையில் பிசிறு இல்லாத இடமாகப் பார்த்து, நாலு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். 0.1 மில்லிமீட்டர் தவறினாலே 20 பைப்பில் கிட்டத்தட்ட 16 கிலோ மாறிவிடும்.

ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப் என்றால், பூச்சுக்காக இந்த அளவில் சுமார் 3 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுர, செவ்வக டியூப்புக்கு இரண்டு பக்கத்தையும் கூட்டி, கனத்தின் இரு மடங்கைக் கழித்து, கனத்தாலும் 0.0157-ஆலும் பெருக்க வேண்டும். 40-க்கு 40, கனம் 2 என்றால் மீட்டருக்கு 2.39 கிலோ. மூலை வளைவால் உண்மை எடை கொஞ்சம் குறையும்.

சரி, கடற்கரையில் எதைப் போடுவது? ஷெட் கடலுக்குப் பக்கம் என்றால் ஏ கிளாஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. உப்புக் காற்று அரிப்பது கனத்தைத்தான். மெல்லிய பைப்பில் அரித்துப் போக மிச்சம் குறைவு. முடிந்தால் ஜி.ஐ. பி கிளாஸ் வாங்குங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், அங்கே ஜிங்க் பெயின்ட் கட்டாயம் அடிக்க வேண்டும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, காற்றோட்டமான இடத்தில் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். திறந்த முனைகளைத் தகடு வைத்து அடையுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்தால் துரு உள்ளிருந்து வரும், வெளியில் தெரியவே தெரியாது.

இதே கணக்கு வேறு வேலைகளுக்கும் உதவும், ஆனால் பைப் வகை மாறும். சாரத்துக்குப் பொதுவாக 48.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைப். பைப்களை இணைத்துப் பிடிக்கும் கப்ளர் அந்த அளவுக்குத்தான் பிடிக்கும். முந்திரி ஆலையில் பாய்லரிலிருந்து வரும் நீராவி லைனுக்குத் தையல் இல்லாத சீம்லெஸ் பைப்தான் நல்லது. அதன் கனத்தை ஏ, பி, சி என்று சொல்லாமல் ஷெட்யூல் எண்ணால் சொல்வார்கள்: 2 இஞ்ச் ஷெட்யூல் 40 என்றால் கனம் 3.91, மீட்டருக்கு 5.44 கிலோ. உங்கள் பக்கம் ஐஸ் பிளாண்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அம்மோனியா லைனில் ஜி.ஐ. பைப்பைப் போடக்கூடாது. ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா துத்தநாகத்தை அரித்துவிடும், செம்பையும் பித்தளையையும் கூட. அங்கே பூச்சில்லாத இரும்பு பைப்தான், வெளிப்புறம் மட்டும் பெயின்ட்.

பில் போடும்போது கிளாஸ், கனம், எண்ணம், மொத்த எடை நான்கையும் எழுதி வாங்குங்கள். லாரியில் ஏற்றி எடைமேடையில் பார்ப்பதானால் அது 5, 10 கிலோ படியில்தான் காட்டும். 600 கிலோ சரக்குக்கு அந்த வித்தியாசம் பரவாயில்லை.