மகளை வீட்டிலேயே படிக்க வைத்தால் வழக்கு வருமா?

கேள்வி: ஆற்காட்டில் வசிக்கிறோம். கணவருக்கு ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். 11 வது வயதில் இருக்கும் மகள் அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்பதற்காக ஓர் ஆசிரியர் அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார். காலையானால் வயிற்றுவலி என்று அழுகிறாள். டி.சி. வாங்கிக்கொண்டு நானே வீட்டில் கற்றுக்கொடுக்கலாமா? போலீஸ் வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் பிள்ளைகள் நான்கு பேரை அனுப்புவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் பயப்படுவதுபோல் இது போலீஸ் விவகாரம் அன்று. அதற்காகச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 10-ஆம் பிரிவில், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. கடமை தவறினால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் பலர் அந்த இடைவெளியில்தான் காலம் தள்ளுகிறார்கள். மாநிலத்துக்கும் 1994-இல் இயற்றிய கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்று இருப்பதால், இதை முழு அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுவழிக் கல்வியைக் கல்வி உரிமைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்பது, 2012 திருத்தத்தின்படி, கடுமையான அல்லது பல்வகை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே. வாசிப்புத் தடுமாற்றம் மட்டும் இருந்தால் அது பொருந்தாது.

டி.சி. வாங்கிய பின் வேறு பள்ளியில் சேர்க்காவிட்டால், கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் பதிவில் மகள் இடைநின்றவள் ஆவாள். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். அவர்கள் கெடுபிடி செய்வதில்லை, மீண்டும் சேர்க்கச் சொல்வார்கள்.

என்னுடைய கவலை வேறு. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதே கணக்கில்தான் வருகிறது. உங்கள் மகள் இப்போதுதான் 6-இல் நுழைந்திருக்கிறாள். ஓர் ஆசிரியருக்காக இதை விட்டுக்கொடுப்பதா? நான் விடமாட்டேன்.

வெளியே நிற்க வைத்து அவமானப்படுத்துவது மனரீதியான துன்புறுத்தல். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. தேதிகளோடு தலைமையாசிரியருக்கு மனு எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அங்கும் பேசுங்கள். பலனில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தும் ஆற்காட்டுக்காரர்கள் பழக்கத்தில் வேலூருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். உங்கள் அலுவலகம் ராணிப்பேட்டை. கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் கையில் இருக்கட்டும்.

வேலூருக்குப் போகவேண்டிய காரியம் ஒன்று உண்டு: பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் மகளுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். சோம்பேறி என்று அவளைத் திட்டுபவர்களின் வாயையும் அது அடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வீடுதான் என்று முடிவெடுத்தால், தேர்வுக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் 8-ஆம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பு. இன்னொரு வழி, 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்வது. இடையில் மனம் மாறினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளப் பள்ளி கடமைப்பட்டது, டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம். பகல் முழுவதும் ஐந்து பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினால், அங்கீகாரமற்ற பள்ளி என்று புகார் கிளம்பலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை. பள்ளி விட்டு வந்தபின் மாலையில் டியூஷன் எடுத்தால் இந்தப் பிரிவு உங்களைத் தொடாது.