உங்கள் தாத்தா செய்த தொழிலில் இருந்து உங்களிடம் மிஞ்சியிருப்பது என்ன?

சுவரைத் தட்டிப் பார்க்கிற பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டிவிடுவேன். அது அம்மாவின் அப்பாவிடம் இருந்து வந்தது.

தாத்தா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கொத்தனார். சுண்ணாம்பு வேலையில் தேர்ந்தவர். 1931ல் பிறந்து 2019ல் போனார். 12 வயதில் தன் அப்பாவோடு சாந்துச் சட்டி தூக்கப் போனபோது ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. புல்வார் என்கிற பெருந்தெருப் பக்கம் வீடுகளுக்கு மராமத்து வேலை. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊர் கைமாறிய அன்று வேலைக்குப் போகாமல், அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த ஆயாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாராம். அவர் லீவு எடுத்த கதை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அவர் வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரைத் தளத்தைத்தான் சொல்ல வேண்டும். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, மேலே அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கலைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, மூலைவாட்டத்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். சுண்ணாம்புச் சாந்துதான் கல்லோடு கல்லைப் பிடித்து வைக்கும். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள்.

தட்டியது போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் கேட்டேன்.

"காதால தெரியும் பாப்பா. முதல்ல 'பொதக் பொதக்'னு கேட்கும். இறுகிடுச்சுன்னா 'டண்'ணு கட்டை மேல எகிறும். அதுவரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது."

ஆயாவும் அந்த வரிசையில் உட்கார்ந்து தட்டியவர்தான். சித்தாளாக வந்த இடத்தில்தான் தாத்தா அவரைப் பார்த்திருக்கிறார். பெண் கேட்டு வீட்டுக்கே போய்விட்டார் என்று அம்மா சொல்வாள். ஆயாவிடம் கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார், பதில் வராது.

பூச்சு வேலையிலும் இதே காதுதான். பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருந்தால் மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தட்டினால் உள்ளே வெற்றிடம் பேசும். கடலோர ஊர் என்பதால் தரையில் இருந்து உப்பும் ஈரமும் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழைய சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும். சிமென்ட் வந்த பிறகு தாத்தாவும் சிமென்ட் வேலை செய்தார், மூன்று பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததே. ஆனால் பழைய வீட்டுக்காரர் யாராவது செலவைக் குறைக்கச் சிமென்டே பூசச் சொன்னால், "வேற ஆளைப் பாருங்க முதலாளி" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அன்று வீட்டில் உலை வைக்கத் தாமதமாகும். அது ஆயாவுக்கும் தெரியும். அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆயாவில் வந்து நிற்பது இதனால்தான்.

சனிக்கிழமை கூலி வாங்கினால் பொட்டலத்தில் காராசேவு வரும். மாசிமகத்துக்கு எங்களை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தோளில் தூக்கிப் போவார். பிள்ளைகளில் யாரையும் அடித்ததில்லை.

எழுபது வயதுக்கு மேல் அவருக்கு இன்னொரு காலம் வந்தது. பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஊரில் பரவி, வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகளின் முகப்பைச் சீர் செய்தார்கள். சுண்ணாம்பு தெரிந்த ஆள் அப்போது குறைவு. தாத்தாவைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்து, பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். 2008ல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்த செய்தியை நான்தான் பேப்பரில் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார்.

2011 டிசம்பர் 30, தானே புயல். விடிய விடியக் காற்று. தெருவில் ஷீட்டுகள் பறந்தன. எங்கள் வீட்டுத் தளம் அவர் போட்டது, அசையவில்லை. காற்று அடங்கியதும் 80 வயதில் மாடி ஏறி, தண்ணீர் போகும் தூம்புக்குழாயில் அடைத்திருந்த இலைகளைக் கையால் அள்ளினார்.

2014 நவம்பரில் பெய்த மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த, மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். என்னைக் கூட்டிப் போகச் சொன்னார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, கல்லும் மரமுமாகக் கிடந்த குவியலை வெகுநேரம் பார்த்தார். "உத்திரமெல்லாம் நல்ல தேக்கு" என்றார். வழியெல்லாம் வேறு பேச்சில்லை. அதே உருவத்தில் திரும்பக் கட்டி 2021ல் திறந்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. நான் போனேன், வாசல் பக்கம் ஒரு தூணைத் தட்டிவிட்டு வந்தேன்.

போன வாரம் எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு 'பொதக்' என்றது. தாத்தாவிடம் வேலை பழகிய அண்ணன் ஒருவர் அரியாங்குப்பத்தில் இருக்கிறார். போன் செய்ததும் வந்து தானும் தட்டிப் பார்த்தார். அப்புறம் கடுக்காயும் வெல்லமும் வாங்கி ஊறப்போடச் சொல்லிவிட்டுப் போனார். கொல்லையில் பானையில் ஊறுகிறது. பத்து நாள் கழித்து வருவார்.