மறையும் புகைப்படமும் மாறிப்போன வீடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்ட்டி என்ற பையன் காலப் பயணம் போகும் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை அவன் கையில் வைத்திருக்கும் அண்ணன், அக்காவோடு எடுத்த புகைப்படம் உறுத்தியது. அப்பாவும் அம்மாவும் சேரவில்லை என்றால் பிள்ளைகள் பிறக்கவே போவதில்லை. அப்புறம் எதற்கு முதலில் அண்ணனின் தலை, பிறகு அக்கா என்று தவணை முறையில் மறைகிறார்கள்? ஜாலியான படம் என்பதற்காக விளைவுகளில் இப்படி ஏமாற்றலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தர்க்கப்படி நீங்கள் சொல்வது சரி. 1955-க்குப் போன மார்ட்டி, கார் மோதாமல் அப்பாவைத் தள்ளிவிட்டுத் தான் அடிபடுகிறான். அந்த விபத்தால் நடக்க வேண்டிய அப்பா அம்மா சந்திப்பு அங்கேயே கெட்டுவிட்டது, அவன் அந்த நொடியே மறைந்திருக்க வேண்டும். ஆனால் அவன் மறைந்தால் அப்பாவைத் தள்ளிவிட ஆளில்லை, ஆளில்லை என்றால் அவர்கள் சந்திப்பார்கள், அவனும் பிறப்பான், மறுபடியும் போவான். இந்தச் சுழலுக்குள் போனால் கதை அங்கேயே நின்றுவிடும். அதனால் அந்த முரணை ஒரு கெடுவாக மாற்றிக்கொண்டார்கள். நவம்பர் 12 இரவு 10:04-க்கு மணிக்கூண்டில் மின்னல் விழப்போகிறது, அவன் 1985-க்குத் திரும்ப அதுதான் வழி, இன்னொரு பக்கம் புகைப்படம் கரைகிறது. யாரும் விளக்காமலே நமக்குப் பதறுகிறது. இதை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு உறுத்துவது முடிவுதான். 1985-க்குத் திரும்புகிறான், அப்பா தன்னம்பிக்கையுள்ள எழுத்தாளர், அம்மா சந்தோஷமாக இருக்கிறார், அவன் ஆசைப்பட்ட வண்டி கராஜில் நிற்கிறது. சரி, ஆனால் இந்த வீட்டில் 17 வருடம் வளர்ந்த பையன் யார்? திரும்பி வந்த மார்ட்டிக்கு இந்த அப்பாவோடு பேசிய ஒரு பேச்சுகூட நினைவில்லை, அவன் அறிந்த பழைய அப்பா அம்மாவோ இனி எங்கேயும் இல்லை. இவ்வளவு பெரிய இழப்பை ஒரு திகைத்த முகத்தோடு கடந்துவிடுகிறார்கள். புகைப்படத்தை மன்னித்துவிடலாம், இதை மன்னிக்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

1989-இல் வந்த இரண்டாம் பாகம் இந்த விஷயத்தில் நேர்மையானது. பந்தயம் கட்டிச் சம்பாதிக்கலாம் என்று மார்ட்டி எதிர்காலத்தில் ஒரு விளையாட்டுப் புள்ளிவிவரப் புத்தகம் வாங்குகிறான், அது வில்லன் பிஃப் கைக்குப் போய், திரும்பி வந்தால் அப்பா கொலையாகியிருக்கிறார். அவனுடைய சின்னப் பேராசைதான் காரணம், சரிசெய்ய வேண்டியவனும் அவன்தான். நம்முடைய ‘இன்று நேற்று நாளை’யிலும் (2015) அப்படித்தான். காணாமல்போன பொருள்களைக் கண்டுபிடித்துத் தந்து காசு பார்க்கக் கால இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள், நடுவில் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். சிரித்துக்கொண்டே இருந்த படம் அங்கிருந்து கனக்கிறது, சிரிப்பும் போகவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ‘பில் அண்ட் டெட்ஸ் எக்ஸலன்ட் அட்வென்ச்சர்’ (1989) படத்தில் பில், டெட் என்ற இரண்டு பையன்கள் கால இயந்திரத்தில் கடந்தகாலத்திலிருந்து கூட்டிவந்தவர்களைச் சிறையிலிருந்து மீட்க டெட்டின் அப்பாவுடைய சாவி வேண்டும், அதுவோ முன்பே காணாமல்போய்விட்டது. எல்லாம் முடிந்த பிறகு இறந்தகாலத்துக்குப் போய் நாமே அதைத் திருடி இங்கே வைத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள், உடனே திரும்பிப் பார்த்தால் சாவி அங்கே இருக்கிறது. சாவி ஏன் தொலைந்தது என்பதற்கும் அதுவே பதில். நடந்த எதுவும் மாறவில்லை, ஓட்டையும் இல்லை, அரங்கமே சிரிக்கும். ஜாலியான படத்தில் தர்க்கம் நிற்காது என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்